நினைவியும் நம் கணினி அறையும்



ஜொகூரில் நான் பணியாற்றும் தமிழ்ப்பள்ளியின் கணினி அறையில் இலக்கணப் புதிர்ப் பக்கம் ஒன்று உண்டு. பிஎச்பி மொழியில் அன்பர் ஒருவர் எழுதித் தந்தது. ஒருநாள், புதிதாக வந்து அமர்ந்த நான்காம் ஆண்டு மாணவியைத் திரை வேறொரு மாணவன் பெயர் சொல்லி வரவேற்றது. "ஐயா, இது நான் இல்லையே" என்றாள். பெயர் போகட்டும், அவள் பெறும் மதிப்பெண் அவன் கணக்கில் அல்லவா ஏறும்!

காரணம் குக்கி. அதனை நினைவி என்றே எழுதுகிறேன். குக்கி என்றால் பிள்ளைகளுக்குத் தின்பண்டம்தான் நினைவுக்கு வருகிறது.

வலை வழங்கிக்கு இயல்பில் ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு வேண்டுகோளும் அதற்குப் புதிதே. இதற்குத் தீர்வாக 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டுல்லி நினைவியை உருவாக்கினார். வழங்கி ஒரு சிறு குறிப்பைத் தரும்; உலாவி அதனை வைத்திருந்து அடுத்த வேண்டுகோளோடு திருப்பி அனுப்பும். ஆக, வழங்கி அடையாளம் காண்பது உலாவியைத்தான். அதன்முன் அமர்ந்திருக்கும் பிள்ளையை அன்று.

காலக்கெடு குறிக்காத நினைவி, உலாவியை மூடினால் அழிய வேண்டும். நம் பிள்ளைகளோ உலாவியை மூடுவதில்லை, எழுந்து ஓடிவிடுகின்றனர். ஆகவே பக்கத்தில் 'வெளியேறு' பொத்தான் வேண்டும். அதனை அழுத்தியதும் நிரல் அதே நினைவியைக் கடந்த காலத் தேதியிட்டு மீண்டும் அனுப்பினால் உலாவி அழித்துவிடும்.

தமிழில் நிரல் எழுதுவோர்க்குத் தனித் தொல்லை ஒன்றுண்டு. நினைவியை அமைக்கும் கட்டளை, பக்கத்தின் முதல் எழுத்து வெளியேறும் முன்பே இயங்கியாக வேண்டும். பழைய நோட்பேடில் கோப்பை யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட்டுகள் சேரும். அவை முந்திக்கொள்வதால் கட்டளை பயனற்றுப் போகலாம். நிரலில் பிழை தேடித் தேடி ஓய்ந்தவர் பலர்.

பெயரையே நினைவியில் வைப்பதும் வீண்சுமை. 'கயல்விழி' நமக்கு ஐந்து எழுத்து. யுனிகோடில் 8 குறியீடு, 24 பைட்டு. விழுக்காட்டுக் குறியீடாக மாற்றி அனுப்பும்போது 72 வரியுரு! ஒரு நினைவிக்கு ஏறத்தாழ 4096 பைட்டே இடம்.

மதிப்பெண்ணை அதில் எழுதுவதோ பேராபத்து. உலாவியின் கருவிகளைத் திறக்கத் தெரிந்த ஆறாம் ஆண்டு மாணவன் 4-ஐ 40 ஆக்கிவிடுவான். ஊகிக்க இயலாத ஓர் அடையாள எண் மட்டும் நினைவியில் இருக்கட்டும்; பெயரும் மதிப்பெண்ணும் வழங்கியில் இருக்கட்டும். நம் பக்கத்தையும் அவ்வாறே மாற்றித் தருமாறு அன்பரிடம் கேட்டிருக்கிறேன்.

பெற்றோர்களே, வீட்டில் அண்ணனும் தங்கையும் ஒரே கணினியைப் பகிர்ந்தால், உலாவியில் இருவருக்கும் தனித்தனிப் பயனர் பகுதி அமைத்துக் கொடுங்கள். நினைவிகள் கலக்கமாட்டா.