உம்மாவின் பயணப் பை



போன சனிக்கிழமை இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் எங்கட உம்மா வீட்டுக்கு வந்தா. வயது 70. சுபஹ் தொழுதுவிட்டு பஸ் ஏறினவ. அம்பாறை, மகாஓயா, மஹியங்கனை, பதினெட்டு வளைவு, கண்டி, பேராதனைப் பூங்கா. அதே வழியால் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் இருந்துகொண்டு, "மகள், அடுத்த முறை யாழ்ப்பாணமாம். பேரு குடுத்துட்டன்" என்றா.

சிரித்தேன். பிறகு அறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். ஏனென்று எழுதத்தான் இந்தப் பதிவு.

வாப்பா மௌத்தாகி ஆறு வருசம். உம்மா இத்தா முடித்த அடுத்த வருசமே, முதியோர் சங்கத்தில் இதே மாதிரி ஒரு பயணம் போட்டார்கள். "நானும் போகட்டா மகள்?" என்று கேட்டா. முழங்கால் நோவு, சீனி வருத்தம், தூரம், ஊர் என்ன சொல்லும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். காக்காவும் என் பக்கம். "அப்ப சரி மகள்" என்று சொல்லிவிட்டு உம்மா மீன் கழுவப் போயிட்டா.

உண்மையைச் சொல்கிறேன். முழங்கால் ஒரு சாட்டுத்தான். சனிக்கிழமை காலையில் எனக்குப் புலமைப்பரிசில் வகுப்பு. உம்மா போனால் என்ட சின்னவனை யார் பார்ப்பது? அதுதான் காரணம். எங்கட பக்கத்து வழக்கப்படி கலியாணத்தோடு வீட்டை எனக்கு எழுதித் தந்துவிட்டு, பின்னுக்கு ஒரு அறையில் இருக்கிறவ உம்மா. அவ தந்த வீட்டில் இருந்துகொண்டு, அவ வெளியே போக நான் அனுமதி கொடுக்காமல் விட்டேன்.

மார்க்கம் சொன்ன இத்தா நாலு மாதமும் பத்து நாளும். நாங்கள் போட்ட இத்தா வருசக்கணக்கு.

அந்தப் பயணத்துக்குப் பக்கத்து வீட்டு மாமி போய் வந்தா. பிறகு அவவுக்குப் பாரிசவாதம் வந்து படுத்த படுக்கை. நோய் விசாரிக்கப் போய் வந்த உம்மா, "பாவம், அவ ஒருக்காவாவது போய்ப் பாத்துட்டா" என்று மட்டும் சொன்னா. என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் சின்னச் சின்ன மாற்றம் செய்தோம். வகுப்பைப் பின்னேரத்துக்கு மாற்றினேன். சனிக்கிழமை காலையில் பிள்ளையை என் கணவர் பார்க்கிறார். உம்மா பெண்களுக்கான தஜ்வீத் வகுப்பில் சேர்ந்தா. சின்ன வயதில் லெப்பையிடம் கேட்டு ஓதினதோடு நின்றவ, இப்போது நான் ஓதும்போது பக்கத்து அறையிலிருந்து திருத்துறா. 24 வருசம் படிப்பித்த டீச்சர் நான், வாய் திறக்க முடியாது!

பிறகு ஒக்டோபர் 1. சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒரே நாள் என்பதால் பிள்ளைகளையும் மூத்தவர்களையும் ஒரே மண்டபத்தில் கூட்டியிருந்தார்கள். ஆண்கள் களிகம்பு அடித்தார்கள். உம்மாவும் கூட்டாளிமாரும் வயலில் கேட்டுப் பழகின கவி பாடினார்கள். சபையில் இருந்த பெண்கள் குரவை போட்டார்கள். "இந்த வயதில் மேடை தேவையா?" என்று பின்னால் ஒருவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. அந்த நேரம் என் மாணவி ஒருத்தி, "டீச்சர், அது உங்கட உம்மாவா?" என்றாள். "ஓம், என்ட உம்மாதான்" என்று பின்னால் இருந்தவருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

பேராதனையில் உம்மாவுக்குப் பிடித்தது பூக்கள் அல்ல. 1961இல் விண்வெளிக்குப் போய் வந்த யூரி ககாரின், அதே வருசம் அங்கே வந்து நட்ட மரம். "நான் சின்னப்புள்ளயா இருக்கக்குள்ள வாப்பா சொன்ன கதை மகள். அந்த மனிசன் வச்ச மரத்தத் தொட்டுட்டு வந்தன்" என்றா. அறுபது வருசத்துக்கு மேலாக மனதில் கிடந்த ஒரு கதை எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

கூட்டிப் போக நினைப்பவர்களுக்குச் சில விசயம். வளைவுப் பாதையில் பின் சீட்டில் இருத்த வேண்டாம். மருந்தைப் பெரிய பையில் போடாமல் கைப்பையில் கொடுங்கள். சீனி வருத்தக்காரருக்கு நேரத்துக்குச் சாப்பாடு முக்கியம். கழிவறைக்கும் தொழுகைக்கும் எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். எங்கட குழுவில் இரண்டு உம்மாமாரின் மகன்மார் துணைக்குப் போனதால் எல்லாருக்கும் மனம் லேசாக இருந்தது.

உங்கட வீட்டிலும் "அப்ப சரி மகள்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போன ஒரு உம்மா இருக்கலாம். இன்றைக்கு ஒருக்கா கேளுங்கள், எங்கே போக ஆசை என்று. காலில் தெம்பு இருக்கும்போதே கேளுங்கள்.

எங்கட உம்மாவின் சுகத்துக்கும், அந்த மாமியின் ஷிபாவுக்கும் துஆ செய்யுங்கள்.

பை இன்னும் உள்ளே போகவில்லை. கதவு மூலையில், யாழ்ப்பாணத்துக்குத் தயாராக நிற்கிறது.