நாற்சந்தியில் ஒரு குடிபெயர்வு

சிம்பாங் அம்பாட் என்னும் மலாய்ப் பெயர் நாற்சந்தியைக் குறிப்பதாகும். தென் செபராங் பிறையிலுள்ள இவ்வூரில் வாழும் தமிழாசிரியர் ஒருவர், பணி ஓய்வுக்கு ஓராண்டே எஞ்சியிருந்த வேளையில், தம் பள்ளியின் பழைய கணினிமுன் அமர்ந்தார். இருபது ஆண்டுகளாகத் தொகுத்த தேர்வுத்தாள்களும் மாணவர் கட்டுரைகளும் நூலகப் பதிவு மென்பொருளும் அதனுள் இருந்தன. அவற்றை மேகக் கணிமைக்கு மாற்றும் பொறுப்பு அவருடையது. “இடம் இலவசம், ஐயா, செலவே இராது” என்றார் இளைய ஆசிரியை.

மேகக் கணிமை வானத்தில் இல்லை. வேறொருவர் கட்டடத்தில் இயங்கும் கணினியை இணையத்தின் வழி வாடகைக்குப் பயன்படுத்துவதே அது. 2017 நவம்பரில் பினாங்கைச் சூழ்ந்த பெருவெள்ளத்தை நினைந்தால், ஒரே கணினியை நம்பியிருத்தல் அறிவுடைமையன்று என்பது விளங்கும். ஆகவே, குடிபெயர வேண்டும் என்பதில் ஆசிரியருக்கு ஐயமில்லை. ‘செலவே இராது’ என்ற சொல்லில்தான் ஐயம்.

முதற் கோப்பைத் திறந்தார். தமிழ் எழுத்துகளுக்கு மாறாக, பொருளற்ற உரோமன் குறிகளே திரையில் நிறைந்தன. பழைய எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீட்டு முறையைக் கொண்டிருந்தமையே காரணம். 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் பழைய முறைகள் பல்லாண்டுகள் நீடித்தன. தமிழ்நாட்டரசே 2010-இல்தான் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. மாற்றித்தரும் கருவிகள் உண்டு. எனினும், மாறியதை வரிவரியாகத் திருத்துவதற்கு மனிதக் கண்ணே வேண்டும்.

நூலக மென்பொருளோ மேலும் சிக்கலானது. உள்ளவாறே பெயர்த்தால், அதற்கெனத் தனிக் கணினியொன்று இரவும் பகலும் இயங்கும்; வாடகையும் ஏறும். புதிதாக எழுதினால் நிரலாளர்க்குக் கூலி தர வேண்டும்.

மூன்றாவது செலவு பயிற்சி. 2019-இல் நம் நாட்டுப் பள்ளிகள் ஃபுரோக் தளத்தை விடுத்துக் கூகிள் வகுப்பறைக்கு மாறியபோது, ஆசிரியர்கள் புதிய வழியை மீண்டும் பழக வேண்டியிருந்தது.

நான்காவது, நிபந்தனை மாறும்போது நேரும் செலவு. கல்வி நிறுவனங்களுக்கு அளவின்றி வழங்கிய இலவசச் சேமிப்பிடத்திற்கு வரம்பு விதிக்கப்படும் எனக் கூகிள் 2021-இல் அறிவித்தது. வாடகை வீட்டைவிட்டுச் சொந்த வீட்டிற்குத் திரும்பியோரும் உளர். டிராப்பாக்ஸ் நிறுவனம் அமேசானின் மேகத்திலிருந்து தன் கோப்புகளிற் பெரும்பகுதியைச் சொந்தக் கணினிகளுக்கு மாற்றி, ஈராண்டுகளில் ஏறக்குறைய 7.5 கோடி டாலர் மிச்சப்படுத்தியது. ஆயின் சொந்தக் கட்டமைப்பை எழுப்புவதற்கும் பெருமுதல் தேவைப்பட்டது.

இடவாடகை, மாற்றுப்பணி, பயிற்சி, வெளியேற்றம் ஆகிய நான்கும் கூடும் சந்தியில் நின்று ஆசிரியர் எண்ணிப் பார்த்தார். எல்லாவற்றையும் சுமந்து செல்லல் வேண்டா எனத் துணிந்தார். காலாவதியான சுற்றறிக்கைகளைக் கழித்தார். நூலகப் பதிவை எளிய அட்டவணையாக்கினார். மாணவர் கட்டுரைகளை மட்டும் ஒன்றும் விடாது மாற்றித் திருத்தி மேகத்தில் ஏற்றினார். வன்தட்டில் ஒரு படியெடுத்துப் பேழையிலும் வைத்தார். அதற்கு அவ்வாண்டின் பள்ளி விடுமுறைகள் அனைத்தும் கரைந்தன.

“பார்த்தீர்களா ஐயா, ஒரு காசும் செலவாகவில்லை” என்றார் ஆசிரியை.

“காசு செலவாகவில்லை, அம்மா; பொழுது செலவாயிற்று. அதற்கும் கணக்கெழுதத்தான் வேண்டும்” என்றார் அவர்.