விளையாட்டுச் சாமான்

துவாரகா விடுதியில் இரவுச் சாப்பாடு முடிந்தால், எங்கள் அறையில் வழக்காடு மன்றம் கூடிவிடும். சென்ற ஜனவரியில் ஒருநாள் எடுத்துக்கொண்ட பொருள், கைத்துப்பாக்கிக் குண்டுகளில் எது வலியது என்பது. எங்களில் யாரும் துப்பாக்கியைத் தொட்டதில்லை. திரைப்படத்தில் பார்த்ததோடு சரி. அதனால்தானோ என்னவோ, வாதம் சூடுபிடித்தது.

மதுரை நண்பர் பாயிண்ட் 45 கட்சி. "விட்டம் 11.43 மில்லிமீட்டர், எடை சுமார் 15 கிராம்" என்று முழங்கினார். நான் 9 மில்லிமீட்டர் கட்சி. "என் குண்டு எடையில் பாதிதான், ஐயா! ஆனால் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். உங்களுடையது 255 மீட்டர்தானே?" என்றேன். தாளை எடுத்து, எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினோம். அவருடையது ஏறக்குறைய 490 ஜூல், என்னுடையது 460. இரண்டும் அண்ணன் தம்பிதான்!

மூலையிலிருந்த ஒருவர், "குட்டை 9 என்று ஒன்று உண்டாமே?" என்றார். எனக்கு உற்சாகம் பொங்கியது. "விட்டம் அதேதான். ஆனால் தோட்டாவின் கூடு 19 மில்லிமீட்டருக்குப் பதில் 17. மருந்தும் குறைவு, குண்டும் இலேசு. ஆற்றல் பாதியைச் சற்றே தாண்டும். அது விளையாட்டுச் சாமான்!" என்றேன். கைதட்டல் கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவில் ஏறி, மண்டி ஹவுஸில் மாறி, டெல்லி கேட்டில் இறங்கி, ராஜ்காட் அருகிலுள்ள தேசிய காந்தி அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே, குருதி தோய்ந்த வேட்டி ஒன்று இருக்கிறது. ஒரு குண்டும் இருக்கிறது.

1948 ஜனவரி 30 அன்று மாலை, பிர்லா மாளிகைத் தோட்டத்தில் பிரார்த்தனைக்கு நடந்து வந்த 78 வயது முதியவரைக் கோட்சே மூன்று முறை சுட்டான். கையில் இருந்தது இத்தாலியில் செய்த பெரெட்டா துப்பாக்கி. அதில் போடும் தோட்டா எது தெரியுமா? நான் கைதட்டல் வாங்கிய அதே குட்டை 9.

சுண்டுவிரல் நுனியளவு உலோகம். அதன் முன் நின்றபோது என் கைதட்டல் எனக்கே கேட்டது. தலை குனிந்தேன்.

இரவு மதுரை நண்பர், "என்னப்பா, இன்று உன் கட்சி பேசவில்லையே?" என்றார். கண்டதைச் சொன்னேன். அறையில் யாரும் பேசவில்லை.

நண்பர்களே, எங்கள் கணக்கில் பிழையில்லை. எடை, வேகம், விட்டம் எல்லாம் சரியாகவே போட்டோம். குண்டு எங்கே படுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பதை மட்டும் விட்டுவிட்டோம். உயிர் போவதும் தங்குவதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. அதற்கும் மேலாக, எதிரே நிற்கும் மனிதரை விட்டுவிட்டோம். அவரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், எந்தக் குண்டும் விளையாட்டுச் சாமான் ஆகாது.