கைக்கு எட்டும் தூரம்

பிள்ளைக்குச் சைக்கிள் வாங்குகையில் நிறத்தையும் கியர்களையும் பார்க்கிறோம். கைப்பிடி எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதை எத்தனை பேர் பார்க்கிறோம்?

எங்கள் ராசிங்காபுரத்து இளைஞர்கள் போடிக்கு அப்பால் ஏலமலை ஏறுகின்றனர். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். என் தங்கை மகனின் மவுண்டன் சைக்கிளில், இறங்கும்போது முழங்கைகள் விறைத்து நீண்டு நின்றன. வளைவில் உடலைப் பின்தள்ள இடமில்லை. தங்கைக்கு உறக்கமில்லை.

ஹேண்டில்பாரை ஃபோர்க்குடன் இணைக்கும் தண்டைக் கடைக்காரர்கள் 'ஸ்டெம்' என்பர். அது நீண்டால் முன்சக்கரத்தில் பாரம் கூடும். ஏற்றத்தில் சக்கரம் மேலெழாது. ஆனால் திருப்பம் மந்தமாகும். இறக்கத்தில் உடல் முன்னே சரியும். குட்டையானால் இறக்கத்தில் துணிவு பிறக்கும். செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் அலைபாயும். 1990களில் 120 மி.மீ. தண்டுகள் சாதாரணம். இன்று அகன்ற ஹேண்டில்பாருடன் பெரும்பாலும் 35 முதல் 80 மி.மீ. வரையே.

முதலில் இருக்கையைக் காலுக்கேற்ப அமைத்தோம்; கையின் குறையை இருக்கையை நகர்த்தித் தீர்க்கலாகாது. பின்பு 100 மி.மீ. தண்டை 80 ஆக்கினோம். முழங்கைகள் சற்றே மடிந்தன, தோள்கள் தளர்ந்தன. மாற்றும்போது ஹேண்டில்பாரின் பருமனுக்குப் பொருந்தும் தண்டையே வாங்குங்கள். திருகுகளைச் சமமாக இறுக்கச் சொல்லுங்கள்.

மிகக் குட்டையான தண்டிலும் கை எட்டாவிடில், சட்டகமே பெரிது. 'வளர்வான்' என்று பெரிய சைக்கிள் வாங்காதீர்கள். அவன் வளருமுன்பே மலை இறங்க வேண்டியுள்ளதே!