எதிர்ப்பொருளும் நம் மறையுரையும்

எதிர்ப்பொருள் என்ற சொல்லைக் கேட்டவுடன், படைப்பை எதிர்த்து நிற்கும் தீய ஆற்றல் என்று அஞ்சுவோர் உண்டு. காரிமங்கலத்தில் மறைக்கல்வி பயிலும் இளைஞர் ஒருவரும் அண்மையில் நம்மிடம் அவ்வாறே வினவினார். பெயர்தான் அவரை மருட்டியது. எலக்ட்ரானை ஒத்து, மின்னேற்றத்தில் மட்டும் நேர்மாறாயுள்ள பாசிட்ரானும் கடவுளின் படைப்பே. 1932இல் கார்ல் ஆண்டர்சன், விண்ணிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களிடையே அதனைக் கண்டார். அக்கதிர்களையே 1912இல் பலூனில் ஏறிச்சென்று கண்டறிந்த விக்டர் ஹெஸ் ஒரு கத்தோலிக்கர். 1936ஆம் ஆண்டின் நோபல் பரிசு இவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இக்கதிர்கள் நமக்கு அயலானவை அல்ல. நம் ஊருக்கு வடக்கே, தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாய் வியர்வை சிந்திய கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், இவை காற்றில் மோதிப் பிறப்பிக்கும் நியூட்ரினோக்கள் 1965இல் பதிவாயின. உதகையில் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இக்கதிர்களை இன்றும் ஆராய்ந்து வருகிறது.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2011 முதல் இயங்கும் ஏ.எம்.எஸ். கருவி, உயர் ஆற்றலில் எதிர்பார்த்ததைவிட மிகுதியான பாசிட்ரான்கள் வருவதைக் காட்டியுள்ளது. அவை வழியிலேயே ஆற்றலை இழப்பவை. எனவே அருகிலுள்ள துடிவிண்மீன்களே பிறப்பிடம் என்பர் பலர். நம் பால்வெளியின் நடுவே, ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால், வேறு பாசிட்ரான்கள் எலக்ட்ரான்களோடு கூடியழிந்து காமாக் கதிராகின்றன. அதே நடுவிடத்தின் மேலும் கீழும் ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு தொலைவுக்கு இரு பெருங்குமிழிகள் எழுந்து நிற்பது, ஃபெர்மி தொலைநோக்கியின் பதிவுகளினின்று 2010இல் தெரியவந்தது. அங்குள்ள கருந்துளை பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் பொங்கியெழுந்ததன் வடு என்கின்றனர் சிலர்; விண்மீன்கள் திரளாய்ப் பிறந்து வெடித்ததன் விளைவு என்கின்றனர் வேறு சிலர். அங்குள்ள எதிர்ப்பொருளும் அப்பொங்குதலின் எச்சமோ? வழக்கு இன்னும் முடியவில்லை.

இங்கேதான் மறையுரையாளர்க்குச் சோதனை. முடியாத வழக்கைப் பீடத்தருகே நின்று முடித்து வைக்கும் ஆசை (நம் குருகுலத்தார்க்கு அது சற்று மிகுதி) எளிதில் எழும். பேரண்டம் ஓர் ஆதி அணுவினின்று விரிந்தது என்று 1931இல் உரைத்தவர் பெல்ஜிய அருட்தந்தை லெமெய்த்ர். காஸ்மிக் கதிர்களை அவ்வணுவின் சிதறல்களாகவே அவர் கருதினார். 1951இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் பேரண்டத் தோற்ற ஆய்வுகளைப் படைப்புக்குச் சான்றாய் எடுத்துரைத்தபோது, மகிழ்ந்திருக்க வேண்டிய அவரோ மனம் வருந்தினார். தம் கோட்பாடு சமய வினாக்களுக்குப் புறம்பானது என்பதே அவர் நிலை. கதிர்களைப் பற்றிய அவர் கருத்து நிலைக்கவில்லை. அவை பெரிதும் வெடித்த விண்மீன்களினின்று வருவன என்பதே இன்றைய முடிபு. 1966இல் அவர் நோயுற்றுக் கிடந்தபோதுதான், தாம் தேடிய ஆதி எச்சம் மங்கிய வானொலி அலையாய் அகப்பட்டுவிட்ட செய்தி அவரை எட்டியது.