படலையும் பிரதியும்

எமது மேசை இழுப்பறையிற் பதினொரு குறும்படப் பிரதிகள் இருக்கின்றன. ஆறு பக்கம் முதல் பன்னிரண்டு பக்கம் வரையிலான அவை போட்டோப் பிரதி எடுக்கப்பட்டு, பள்ளிக்கூடக் கொப்பி போல நடுவிற் கம்பியடித்துக் கட்டப்பட்டவை. படம் எடுக்க விரும்பி வரும் மாணவர்க்கும், முதலாளி எவரின் துணையுமின்றித் தாமாக முயலும் இளைஞர்க்கும் அவற்றை விலையின்றிக் கொடுத்து வருகிறோம். நாம் மூவர், மூவரும் ஆசிரியத் தொழில் பார்த்தவர்கள். எம்மில் எவரும் கமராவைக் கையிலெடுத்துப் படம் பிடித்தவரல்லர்.

இப்பழக்கம் தொடங்கியதற்குக் காரணம் ஒரு குறும்படப் போட்டி. நடுவர்களாக அழைக்கப்பட்ட நாம், காலை தொடக்கம் மாலை வரை பாடசாலை மாணவரின் படங்களைப் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் நடந்தது ஒன்றே. கறுப்புக் கண்ணாடி அணிந்த ஓர் இளைஞன் மெல்ல நடந்து வருகிறான், நால்வர் அவனை மறிக்கின்றனர், அடிபிடி நடக்கிறது, இடையே ஒரு காதல். முல்லைத்தீவுக் கடற்கரையிற் பிறந்து வளர்ந்த பிள்ளை, நேரில் ஒருநாளும் கேட்டிராத சென்னைச் சண்டியனின் பேச்சைப் பேசி மற்றொரு பிள்ளையை மிரட்டியது. நாம் சிரிக்கவில்லை. ஏனெனில் அதே படத்திற் கிணற்றடியில் விழும் மாலை வெயிலை அம்மாணவர் பிடித்திருந்த விதம் எம்மை வியக்கவைத்தது. பார்க்கும் கண் இருந்தது. கைத்தொலைபேசி வடிவிற் கருவியும் வந்துவிட்டது. எழுத்துத்தான் இல்லை.

“உங்கள் ஊர்க் கதை ஒன்றை ஏன் எடுக்கவில்லை?” என்று அவர்களில் ஒருவனிடம் கேட்டோம்.

“எங்கட ஊர்க் கதையைப் படத்துக்கு எப்பிடி எழுதிறதெண்டு நாங்கள் ஒரு இடமும் காணேல்லை, சேர்” என்றான்.

அவன் கூறியது பொய்யன்று. இலங்கையிலே தமிழ்த் திரைப்படம் என்பது 1962இல் வெளிவந்த ‘சமுதாயம்’, 1963இல் வெளிவந்த ‘தோட்டக்காரி’ ஆகியவற்றோடு தொடங்கிவிட்டது. 1977இற் காவலூர் இராஜதுரை எழுத, தர்மசேன பத்திராஜ நெறியாண்ட ‘பொன்மணி’ யாழ்ப்பாணத்து மண்ணையும் அதன் சாதிக் கொடுமையையும் காட்டியது. 1978இற் செங்கை ஆழியானின் நாவலொன்று ‘வாடைக்காற்று’ என்ற படமாயிற்று. ஆயினும் இவற்றின் எழுத்துப் பிரதியொன்றைத் தேடி நாம் நூலகங்கள் சிலவற்றுக்கு நடந்தபோது ஒன்றேனும் கைக்கு எட்டவில்லை. நாவல் இருக்கிறது, அதனைப் படமாக்கிய எழுத்து மாணவன் கையில் இல்லை. வீட்டைக் காட்டிவிட்டு, அதனைக் கட்டிய அளவுகோலை மறைத்தது போன்றது இது.

ஆகவே நாமே எழுதத் துணிந்தோம். துணிவுதான், தகுதி அன்று. முதலில் எழுதியவை மூன்றும் பயனற்றவை. ஒன்றிலே கலியாண வீடு வந்தது. மற்றொன்றிற் பெருமழையும் நள்ளிரவும் வந்தன. அதனை வாங்கிச் சென்ற மாணவர் இரண்டு வாரங்களின் பின் திருப்பிக் கொண்டுவந்து, “மழைக்குக் காசில்லை, சேர்” என்றனர். அன்றே நாம் படித்துக்கொண்டோம். எமது பிரதிகளில் இப்போது பாத்திரங்கள் இருவர் அல்லது மூவர். இடம் ஒரு வீடு, ஒரு முற்றம், மிஞ்சினால் ஒரு பஸ் தரிப்பிடம். எல்லாம் பகலில் நடப்பவை. இரவைக் காட்ட விளக்கு வேண்டும், விளக்குக்குப் பணம் வேண்டும். உரையாடலையும் குறைத்தோம். கைத்தொலைபேசியிற் பதிவாகும் ஒலியிற் காற்றின் இரைச்சலும் கோயில் ஒலிபெருக்கியும் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஒரு பிரதியில் அவ்வொலிபெருக்கியையே கதையின் பகுதியாக்கினோம். அதனை எடுத்த மாணவர்க்கு அந்தத் தொல்லை நீங்கியது.

ஆங்கிலத்திற் திரைக்கதை எழுதுவோர் தட்டச்சில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் எனக் கணக்கிடுவர். எமது எட்டுப் பக்கப் பிரதி பதினான்கு நிமிடப் படமாக வந்து நின்றது. ‘கிழவி படலையைப் பார்த்தபடி இருக்கிறாள்’ என்ற ஒரு வரிக்கு ஒரு நிமிடம் வேண்டியிருக்கிறது. வறுமை கலைக்கு ஆசான் என்று கூறி மாணவரைத் தேற்ற நாம் விரும்பவில்லை, வறுமை வறுமையே. எனினும் 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ படத்தைக் கலையகத்தை விட்டு வெளியே கொணர்ந்து கிராமத்து வெயிலில் எடுத்தார் என்பதையும், பணமின்றி இடையிடையே நின்றுபோன ‘பதேர் பாஞ்சாலி’ மேற்கு வங்க அரசின் உதவியுடனேயே 1955இல் நிறைவெய்தியது என்பதையும் பிரதி வாங்க வருவோரிடம் சொல்லாமல் விடுவதில்லை.

இனி எமக்கு நேர்ந்த ஒரு கசப்பைக் கூறல் வேண்டும். எமது பிரதியொன்று படமாகி ஒரு போட்டியிற் பரிசு பெற்றது. மேடையில் நெறியாளர் பெயர் கூறப்பட்டது. கமராக்காரரும் மின்சாரம் தந்த கடைக்காரரும் நினைவுகூரப்பட்டனர். எழுதியவர் பெயர் படத்திலும் இல்லை, மேடையிலும் இல்லை. எமது நண்பர், தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் உழைத்தவர், இதைக் கேட்டுப் பொங்கினார். “கூலி கேளாமல் உழைப்பவன் கூலி கேட்பவனின் வயிற்றில் அடிக்கிறான். இதை நீங்கள் ஆசிரியர் சங்கத்திற் பேசியிருக்கிறீர்கள். எழுத்துக்கு மட்டும் இந்த நியாயம் செல்லாதோ?” என்றார்.

இலகுவில் தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வியன்று இது. விலையின்றிக் கிடைப்பது மதிப்பின்றிப் போவதை நாமே கண்டோம். பலநாள் வாதித்து ஒரு முடிவுக்கு வந்தோம். மாணவன் எம்மைச் சுரண்டும் முதலாளி அல்லன். அவனிடம் பணம் கேட்பது தொழிலாளியிடம் தொழிலாளி வரி கேட்பது போலாகும். ஆனால் அதே பிரதியை விளம்பர நிறுவனமோ தொலைக்காட்சியோ எடுத்துப் பணம் பண்ணுமாயின் எழுத்துக்குக் கூலி உண்டு. இப்பாகுபாடு எமது கண்டுபிடிப்பன்று. 2001இல் அமெரிக்காவில் உருவான கிரியேட்டிவ் கொமன்ஸ் என்ற அமைப்பின் உரிமங்களில் இவ்வகை ஒன்றும் உண்டு: பெயரைச் சொல்லிப் பயன்படுத்துக, மாற்றுக, வணிகம் செய்யற்க.

இங்கே எமது நாட்டுச் சட்டத்தையும் மாணவர் அறிதல் நன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிவு எதுவும் செய்யாமலே எழுதியவருக்குப் பதிப்புரிமை உண்டாகிறது. அவர் வாழ்நாளும் அதன் பின் 70 ஆண்டுகளும் அது நிலைக்கும். தம் பெயர் கூறப்பட வேண்டும் என்று கோரும் உரிமை பண உரிமையினின்றும் தனித்து நிற்பது. ஆதலால் வாய்வழியே ‘எடுத்துக்கொள்’ என்று கூறிவிட்டால் மட்டும் பிரதி பொதுச்சொத்தாகிவிடாது. இதனை உணர்ந்தபின் ஒவ்வொரு பிரதியின் முதற் பக்கத்திலும் ஐந்து வரியில் அனுமதியை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கிறோம். எழுதியவர் பெயரைப் படத்திற் காட்டுக, வேண்டியபடி மாற்றுக, மாற்றியதை எமக்கும் அறியத்தருக, எடுத்த படத்தைக் கட்டணமின்றி ஒருமுறையேனும் உமது ஊர்ச் சனசமூக நிலையத்திற் காட்டுக, வணிகத்துக்காயின் எம்மைக் கேட்க. நண்பர் அவ்வரிகளைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பின்னர் போட்டோப் பிரதிச் செலவுக்கென ஆயிரம் ரூபா தந்தார்.

‘வேண்டியபடி மாற்றுக’ என்று எழுதுவது எளிது. எமது கூத்து மரபு அதனைப் பெரிதாக எண்ணியதில்லை. அண்ணாவியாரின் கொப்பியைப் பார்த்துப் பிறர் எழுதினர். எழுதும்போதே தம் ஊருக்கேற்பக் கூட்டினர், குறைத்தனர். பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் ‘அலங்காரரூபன் நாடக’த்தைப் பதிப்பித்தார், அவரே விடியவிடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். எமது பிரதியொன்றை மலையக இளைஞர் சிலர் வாங்கிச் சென்று, எமது வடபகுதிப் பேச்சு முழுவதையும் தம் பேச்சாக மாற்றி, முற்றத்தை லயத்தின் வாசலாக்கி எடுத்தபோது நாம் மகிழ்ந்தோம். எமது பிரதியைவிட அது நன்றாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மாற்றம் எமது கருத்தையே தொடும்போது நிலைமை வேறு.

‘படலை’ என்ற பிரதி எட்டுப் பக்கம். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக ஒரு தாய் இரவிலே படலையைப் பூட்டாமல் விடுகிறாள். அயலார் ஏசுகின்றனர், மகள் கெஞ்சுகிறாள். எட்டாம் பக்கத்தில், பல ஆண்டுகளின் பின், தாய் எழுந்து சென்று படலையைப் பூட்டுகிறாள். துயரத்தை ஏற்று வாழ்வைத் தொடர்தல் என்பது எமது எண்ணம். அந்த எட்டாம் பக்கத்தை எழுதியபோது எமக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

வன்னியிலிருந்து வந்த நான்கு மாணவர் அதனை வாங்கிச் சென்றனர். தாயாக நடிக்கத் தம் ஊரவரான ஒரு அம்மாவை அழைத்தனர். 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலே காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் அமர்ந்திருந்தவர்களில் அவரும் ஒருவர். ஏழு பக்கமும் அவர் நடித்தாராம். நடித்தார் என்று சொல்லவும் கூசியது என்றான் மாணவன். எட்டாம் பக்கம் வந்தது. பூட்டைக் கையிற் கொடுத்தார்கள். வாங்கிப் பார்த்துவிட்டுத் திண்ணையில் வைத்தார்.

“தம்பியவை, இதை மட்டும் நான் செய்யமாட்டன். படத்துக்கெண்டாலும் பூட்டமாட்டன்.”

மாணவன் அங்கிருந்தே எமக்குத் தொலைபேசியிற் பேசினான். வெயில் இறங்குகிறது, வேறொருவரை அழைத்து எடுக்கவா, முடிவை மாற்றவா என்று கேட்டான். மாற்றலாம் என்று முதற் பக்கத்திற் கையொப்பமிட்டுக் கொடுத்தவர்கள் நாமே. ஆயினும் உடனே சரி என்று கூற எமக்கு நா எழவில்லை. எமது கதை தன் முடிவை இழக்கிறதே என்ற எண்ணமே முதலில் வந்தது. அதை மறைப்பதற்கில்லை. சிறிது நேரத்தின் பின், “அம்மா சொன்னபடி செய்யுங்கள், தம்பி” என்றோம்.

படத்தை அவ்வூர்ச் சனசமூக நிலையத்திற் பார்த்தோம். சுவரிற் கட்டிய வெள்ளை வேட்டிதான் திரை. அறுபது பேர் வரையில் இருந்தனர். முடிவில் தாய் திண்ணையில் இருக்கிறாள். படலை திறந்தபடி கிடக்கிறது. நாயொன்று உள்ளே வந்து, முற்றத்தை முகர்ந்துவிட்டு, மீண்டும் தெருவுக்குப் போகிறது. அந்த நாய் எவர் எழுதியும் வந்ததன்று. விளக்குப் போட்ட பின்னரும் சிலநேரம் எவரும் எழும்பவில்லை. அந்த அம்மா பின்வரிசையில் இருந்தார். அவரிடம் சென்று பேச எமக்குத் துணிவு வரவில்லை, அவரே வந்து, “எழுதினது நீங்களோ?” என்று கேட்டார். ஆம் என்றோம். தலையசைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் பிரதிகள் தீர்ந்து, மீண்டும் போட்டோப் பிரதி எடுக்கக் கடைக்குச் சென்றோம். ‘படலை’யின் எட்டாம் பக்கத்தை எடுத்து வைத்துவிட்டு ஏழு பக்கத்தையே கொடுத்தோம். பக்கம் குறைகிறதே என்று கடைக்காரப் பையன் கேட்டான். சரிதான், அவ்வளவுதான் என்றோம்.