முதல் படி லேபுக்கு!

அரக்கோணம் தாண்டியதும் ரயில் பெட்டியில் தமிழோடு தெலுங்கும் ஏறிக்கொள்ளும். அடுத்து திருத்தணி. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, 1960-ல் ஆந்திராவிடமிருந்து நம் பக்கம் வந்த ஊர். டீக்கடையில் எந்த பாஷையில் கேட்டாலும் அதே டீதான்!

மலைக்கு 365 படிகள். நாளுக்கு ஒன்று. 'அப்ப லீப் வருஷத்துக்கு?' என்று கேட்க நினைப்பவர்கள் ஏறி முடிக்கட்டும்... கேட்க மூச்சு இருக்காது!

வைத்தியத்துக்கும் இந்தப் பக்கம் தனிக் கணக்கு. எலும்பு முறிந்தால், ஆந்திராவில் இருக்கும் புத்தூர் கட்டு. கண் மஞ்சளானால் கீழாநெல்லி.

என்னோடு வந்த ஆபீஸ் நண்பனுக்குக் கண் மஞ்சள். மூணு வருஷ மெஸ் சாப்பாடு, கிடைத்த இடத்துத் தண்ணீர். அடிவாரத்தில் கீரை விற்ற பாட்டி ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள்.

"காமாலை நைனா! நேல உசிரி இருக்கு. அரைச்சு மோர்ல கலக்கி, வெறும் வயித்துல குடி. எண்ணெய் ஆகாது."

செடியைத் திருப்பிக் காட்டினாள். இலைகளுக்கு அடியில் வரிசையாகக் குட்டிக் குட்டி நெல்லிக்காய்கள். கீழே காய்ப்பதால் கீழாநெல்லி!

சாதாரணச் செடி இல்லை சார் இது. சென்னையில் டாக்டர் தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸுக்காக 1976-ல் நோபல் வாங்கிய பிளம்பெர்க்கோடு சேர்ந்து இதைச் சோதித்தது. வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் மருந்து. சாப்பிட்டவர்களில் 59 சதவிகிதம் பேரிடம் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரைக்காரர்களில் 4 சதவிகிதம்தான். 1988-ல் 'லான்செட்' வெளியிட்டது. ஆனால், பிறகு மற்றவர்கள் வைத்த பரீட்சைகளில் செடிக்கு அந்த மார்க் வரவில்லை.

அப்படியானால் பாட்டி வைத்தியத்தில் குணமானவர்கள்? அசுத்தத் தண்ணீரில் வரும் 'ஏ' வகைக் காமாலை, பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பெயர் இலைக்கு! சிக்கல் என்னவென்றால், 'பி' வைரஸோ, பித்தக் குழாயில் கல்லோ, பாட்டில் உபயமோ... எல்லாவற்றுக்கும் கண் ஒரே மஞ்சள்தான். வைத்தியம் வேறு வேறு.

"பச்சிலைதானே, என்ன பண்ணிடும்?" என்றான் நண்பன்.

சீனாவில் சுமார் 1800 வருஷமாக வழங்கும் கஷாயம் 'சியாவ் சாய் ஹூ டாங்'. இஞ்சி, அதிமதுரம் என்று ஏழு சரக்கு. வயிற்றுக்கும் ஈரலுக்கும் கொடுப்பது. ஜப்பானில் டாக்டர்களே எழுதித் தந்தார்கள். சாப்பிட்ட ஈரல் நோயாளிகளில் சிலருக்கு நுரையீரல் பாதித்து, பத்துப் பேர் இறந்ததாக 1996-ல் அந்த அரசாங்கமே எச்சரித்தது.

நண்பன் மோரைக் கீழே வைத்தான். பாட்டி கோபிக்கவில்லை. "ரத்தம் பாத்துட்டு வா நைனா, செடி எங்கியும் ஓடிடாது" என்றாள்.

கண் மஞ்சளா? முதல் படியை லேபுக்கு ஏறுங்கள். பாக்கி 364 அப்புறம்!